கால் திருகு

“உன் தம்பி மறுபடியும் என் அச்சைத் திருகிட்டுப் போயிருக்கான், மார்லிஸ்! இனிமே அவன் என் பேஸ்மென்ட் படியில காலை வைக்கக் கூடாது!”

வெண்டல் கீழேயிருந்து கத்தினான். போன வாரமும் இதையேதான் கத்தினான், எழுத்துப் பிசகாமல்.

மார்லிஸ் அடுப்பில் கொதித்த சில்லியை, அந்தக் கார பீன்ஸ்-இறைச்சிக் குழம்பை, கிளறினாள். “எந்த அச்சு?”

“நடு அச்சு! வேற எது?”

சனிக்கிழமை மான் வேட்டை சீசன் தொடங்குகிறது. வெண்டலுக்கும் மச்சான் ஆரினுக்கும் ஒரே ரகத் துப்பாக்கி. சுட்ட தோட்டாவின் காலி உறையில் மறுபடி குண்டு பொருத்திக்கொள்ள இருவருக்கும் பொதுவாக ஒரு கை பிரஸ், அதில் திருகிப் பொருத்த மூன்று அச்சு. முதல் அச்சு, சுட்டு உப்பிய உறையைச் சுருக்கும். மூன்றாவது, குண்டை உட்கார்த்தி வாயை இறுக்கும். நடு அச்சின் வேலை, உறையின் வாயை ஒரு மயிரிழை விரிப்பது. கழுத்தே இல்லாமல் லிப்ஸ்டிக் குப்பி மாதிரி நேராக நிற்கிற உறை. வாயை விரிக்காவிட்டால் குண்டு உள்ளே இறங்காது. ஆனால் அச்சு ஒரு கால் திருகு, அதாவது கால் சுற்று, அதிகமாக இறங்கினாலோ, வாய் ஊமத்தம்பூவாக மலர்ந்துவிடும்.

வெண்டல் மேலே வந்து அப்படி ஒரு பூவை அவள் மூக்குக்கு நேரே நீட்டினான்.

“பாரு! இது தோட்டாவா, பாண்டு வாத்தியமா?”

“ஒரு பித்தளைக் குழாய்க்கு வீடு இடிஞ்ச மாதிரி கத்தணுமா?”

“அடையாளம் வெச்சிருந்தேன், மார்லிஸ்! உன் சிவப்பு நகப்பூச்சால அச்சுல ஒரு கோடு, அதைப் பிடிச்சிருக்கிற வளையத்துல ஒரு கோடு. உன் தம்பி பங்குக்கு ஊதாவுல ஒரு கோடு. இப்ப எல்லாம் ஆளுக்கொரு திசையில நிக்குது!”

“அந்த இரும்புக்குப் பண்ணின மேக்கப் என் கல்யாணத்துக்குக்கூட எனக்குக் கிடைக்கல.”

இந்த இரண்டு தாடிக்காரர்களும் கடையில் நகப்பூச்சு அடுக்குக்கு முன்னால் நின்று நிறத்துக்காக அடித்துக்கொண்டதைச் சர்ச்சுக்கு வரும் பெண்கள் இன்னும் பேசிச் சிரிக்கிறார்கள்.

“வளையத்துல ஒரு குட்டி ஸ்க்ரூ இருக்கே, அதை இறுக்கிட்டா அசையாதில்ல?”

“எதை வெச்சு இறுக்க? எல் மாதிரி வளைஞ்ச அந்த ஆலன் சாவியைத்தான் வெயில் காலத்துலேர்ந்து காணோமே!”

மார்லிஸ் ஏப்ரனை இழுத்துவிட்டுக்கொண்டாள். சாவி அதன் பைக்குள் இருந்தது.

ஆமாம், வாராவாரம் திருகியது அவள்தான். ஆரின் கிளம்பியதும், துணி துவைக்கிற சாக்கில் கீழே போய், நடு அச்சில் ஒரு கால் திருகு. சுடும்போது ஆபத்தாகிவிடக்கூடிய மற்ற இரண்டில் கைவைக்கிற அளவுக்கு அவள் மடச்சி இல்லை.

ஆரினின் மனைவி ஊர் ஏலக்காரனோடு போனதிலிருந்து அவன் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு டின் சூப்பை டின்னிலிருந்தே குடித்துக்கொண்டிருந்தான். பிறந்தநாளுக்குக் கூப்பிட்டால் தலைவலி. சர்ச்சுக்குக் கூப்பிட்டால் முட்டிவலி. பாஸ்டர் கதவைத் தட்டினால் விளக்கை அணைத்தான். ‘அச்சு நகர்ந்துபோச்சு, நீதான் காரணம்னு வெண்டல் சொல்றான்’ என்றால் மட்டும் பிக்கப் வண்டியில் பறந்து வருவான். வந்தால் சண்டை. சண்டை ஓய்ந்தால் பசி. பசித்தால் சில்லியும், இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரோலும்.

இதெல்லாம் எங்கே புரியப்போகிறது இந்த வெண்டலுக்கு? நெஞ்சில் ஈரமில்லாத ஜென்மம்.

ஆனால் இந்த வாரம் அவள் அச்சைத் தொடவே இல்லை. இடுப்புப் பிடிப்பு, படி இறங்க முடியவில்லை. அப்படியானால் திருகியது யார்?

வெண்டல் அதற்குள் போனில் இருந்தான். “டேய், வந்து பாருடா நீ பண்ணி வெச்சிருக்கிற லட்சணத்தை! இப்பவே வா! சாப்பிட்டியா? சாப்பிடாம வா, வெறும் வயித்துல திட்டு வாங்கு!”

போனைப் பிடித்திருந்த கட்டைவிரலை மார்லிஸ் பார்த்தாள். விரல் முழுக்க ஊதா.

நேற்று ஆரின் கிளம்பும்போதுதான் அச்சில் புதிதாக ஓர் ஊதாக் கோடு போட்டுவிட்டுப் போனான். காய்வதற்குள் பட்ட விரல்.

அவள் பார்ப்பதைப் பார்த்து வெண்டல் கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

“என்ன?”

“ஒண்ணுமில்ல. சில்லி அடிப்பிடிக்குது.”

போன மாதம் ஒரு நாள் அச்சு அப்பழுக்கில்லாமல் கோட்டிலேயே நின்றது. வீடே இழவு வீடாகிவிட்டது. சண்டைக்கு விஷயம் கிடைக்காமல் ஆரின் கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டுச் சாப்பிடாமலே போய்விட்டான். ஏன் என்று இப்போதுதான் விளங்கியது. அன்றைக்கு அவள் இடப்பக்கம் ஒரு கால் திருகு, இந்த மடையன் வலப்பக்கம் ஒரு கால் திருகு, அச்சு பழைய இடத்துக்கே வந்துவிட்டது!

பிக்கப் வந்து நின்றது. ஆரின் நேரே கீழே இறங்கினான். மார்லிஸும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

“என்னைச் சொல்றியா நீ? குருட்டுக் கோட்டான்! உன் கையிதான்டா ஆடுது!”

“என் கை ஆடுதா? உன் மூளைதான்டா ஆடுது!”

மனம் நிறையத் திட்டிக்கொண்டார்கள். ஆரின் அச்சைச் சரிசெய்து, ஓர் உறையை விளக்கில் தூக்கிப் பார்த்தான். மயிரிழை விரிந்த வாய். குண்டை வைத்தான், சமர்த்தாக உட்கார்ந்தது.

“போதும் இந்தக் கூத்து. இன்னிக்கு ஸ்க்ரூவை இறுக்கிட்டா ஜென்மத்துக்கும் நகராது. அப்புறம் நான் இங்க வர வேண்டிய அவசியமே இல்ல.”

வெண்டல் மேஜைமேலிருந்த காலி உறைகளை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தான்.

ஆரின் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை உருவினான். கூடவே பிக்கப்பின் சாவிக்கொத்து மேஜைமேல் விழுந்தது. வண்டிச் சாவிக்கும் வீட்டுச் சாவிக்கும் நடுவே, எல் மாதிரி வளைந்து, சின்னதாக, புத்தம்புதிதாக ஓர் ஆலன் சாவி.

ஆரின் நிதானமாகத் தொப்பியைக் கழற்றி அதன்மேல் வைத்தான்.

“யாராவது அந்த ஆலன் சாவியைத் தேடிக் கொடுங்களேன்.”

வெண்டல் கூரையைப் பார்த்தான். மார்லிஸ் ஏப்ரன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“யாராவது?” என்றான் ஆரின்.