பதினேழாம் நம்பர் கல்

தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் ஜியாலஜி லேப். தட்டில் நாற்பது கற்கள் இருக்க வேண்டும். முப்பத்தொன்பதுதான் இருந்தன.

“பதினேழாம் நம்பர் எங்கம்மா?” என்றார் பேராசிரியர் ஷ்யாம்சுந்தர். “ரோஸ் கலர்ல, கண்ணாடி மாதிரி இருக்குமே. நேத்து லேபைப் பூட்டினது நீதானே?”

“நான்தான். ஆனா கல்லை நான் இன்னாத்துக்கு சார் எடுக்கப் போறேன்?”

துப்புரவு வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமே ஆகியிருந்த காந்திமதி, பையைக் கவிழ்த்துக் காட்டினாள். டிபன் பாக்ஸும் பஸ் பாஸும் விழுந்தன.

“நாளைக்கு பிராக்டிகல் எக்ஸாம். பிரின்சிபாலுக்கு எழுதறேன். உன் வேலை போயிடும்.” பேனாவைத் திறந்தார்.

“நல்லது பண்ணப்போய் எனக்கு இந்தப் பேரு. பசங்க கல்லையெல்லாம் நாக்கால நக்கிப் பாக்குதுங்க சார், ஒரே எச்சில். அதான் நேத்து சாயங்காலம் எல்லாத்தையும் வாளித் தண்ணில ஊறப் போட்டுட்டுப் போனேன். காலைல வந்து தொடைச்சு அடுக்கினேன். அவ்ளோதான்.”

பேனா நின்றது.

“அந்தத் தண்ணி எங்கே?”

மூலையைக் காட்டினாள். ஷ்யாம்சுந்தர் போய், வாளியில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்புக் கரித்தது. பதினேழாம் நம்பர் இந்துப்பு முழுசாக அதில்தான் இருந்தது.

காந்திமதி முகம் சுளித்தாள்.

“ஐய... நீங்களுமா சார்?”