உச்சிக்கிளை இலை

ஒரு மாமரத்தின் அடிக்கிளையில் அகலமான மெல்லிய இலை ஒன்று இருந்தது. உச்சிக்கிளையில் இருந்ததோ தடித்த சின்ன இலை.

"வெயில் மொத்தத்தையும் நீயே எடுத்துக்கற. கொஞ்சம் நகரேன்" என்று அடியிலை தினமும் நச்சரிக்கும்.

"உன் தோலு மெல்லிசு, தாங்காதுடி" என்று மட்டும் உச்சியிலை சொல்லும்.

ஒருநாள் மின்கம்பியில் உரசுகிறதென்று உச்சிக்கிளையை வெட்டிப் போட்டார்கள். விழும்போதும் அது, "சுருண்டுக்கோடி" என்று சொல்லிக்கொண்டே போனது.

அடியிலை ஆசையாக விரிந்து நின்றது. மத்தியானத்துக்குள் அதன் ஓரமெல்லாம் கருகிப்போயிற்று.

மழைக்குப் பின், வெட்டிய இடத்தில் செந்தளிர் ஒன்று எட்டிப் பார்த்தது.

"அக்கா, உங்களுக்கு வெயிலை மறைக்கிறேனா?"

"ஆமா தாயி, மறைக்கிற" என்றது கருகிய இலை. "நீ நல்லா இருக்கணும்."