மறுபாதி

கைகளை இறக்கக் கூடாது.

பூபதி காரின் வலப்பக்கம் ஒரு ஸ்டூல் மேல் நின்றிருந்தான். இரண்டு கைகளிலும் வினைல், காரின் கூரைமேல் ஒட்டும் ரெக்சின் உறை. கூரையின் இடது பாதியில் அது ஒட்டியாகிவிட்டது. ஒரு சுருக்கம் இல்லை. வலது பாதியைத்தான் அவன் தூக்கிப் பிடித்திருந்தான்.

கீழே தகரம் முழுக்கப் பசை. வினைலின் அடியிலும் பசை. இரண்டும் தொட்டால் தொட்டதுதான்.

"இன்னுங் கொஞ்சம் காயோணும். அப்படியே நில்லு மாப்ளே," என்றான் மருதாசலம். பூபதியுடைய அக்காவின் கணவன்.

எழுபத்திரண்டாம் வருடத்து இங்கிலாந்துக் கார், கார்ட்டினா. பழைய வினைலை மருதாசலம் கிழித்து எடுக்கவில்லை. சூடு காட்டி, விரல் விரலாக உரித்திருந்தான். தையல் எங்கே ஓடியது, ஓரம் எவ்வளவு உள்ளே மடிந்தது என்று அளந்து தகரத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தான். ஓரத்து வெள்ளிநிறப் பட்டைகளை வளையாமல் கழற்றி, குழந்தைத் துணியில் சுற்றுவதுபோலச் சுற்றி வைத்திருந்தான்.

புதிது, அதே கறுப்பு. அதே சொரசொரப்பு. இங்கிலாந்தில் யாரோ ஒருவரின் கிடங்கில் மிச்சம் கிடந்த துண்டு. தேடிப் பிடிக்க இரண்டு வருடம் ஆனது. இன்னொன்று கிடையாது.

ஒரிஜினல் என்று சொல்லும்போது மருதாசலத்தின் குரல் தணியும்.

அக்கா பின்பக்க மூலையில் பிரஷ்ஷால் பசை தடவிக்கொண்டிருந்தாள். முடித்துவிட்டு நிமிர்ந்தாள். குளித்த தலை இன்னும் காயவில்லை.

மருதாசலம் குனிந்து பார்த்தான்.

பசையில் ஒரு முடி. நீளமானது.

"முடியக் கட்டீட்டு வான்னு சொன்னனா இல்லியா?"

அக்கா அதை எடுக்கக் கை நீட்டினாள். அதற்குள் மருதாசலம் அவள் கூந்தலைக் கையில் சுற்றிவிட்டான். காரிலிருந்து இரண்டடி தள்ளி இழுத்தான்.

அவள் கார்மேல் படக் கூடாது.

பிறகு அடித்தான்.

"மாமா!"

பூபதி கத்தினான். ஆனால் கைகள் இறங்கவில்லை.

இரண்டாவது அடி புறங்கையால். அக்காவின் உதடு பிளந்தது. மூன்றாவது முறை அவள் தலை ஷெட் சுவரில் மோதியது. செங்கல்லில் மோதிய ஓசை தெளிவாகக் கேட்டது. அவன் அப்போதும் வினைலைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான்.

அக்கா அடிப்பவனைப் பார்க்கவே இல்லை. ரத்தம் வழியும் வாயோடு தம்பியைப் பார்த்தாள்.

"உட்றாத பூபதி. ஒட்டிக்கும்."

போன மாதம் ஒரு வாரம் அவள் போனை எடுக்கவில்லை. பல்வலி என்றாள். பொங்கலுக்கு ஊருக்கு வரவில்லை. மாடிப்படியில் வழுக்கிவிட்டது என்றாள். அவன் எல்லாவற்றையும் நம்பியிருந்தான். நம்புவது சுலபமாக இருந்தது.

விட்டான்.

வினைல் கோணலாகச் சரிந்து, தன்மேலேயே மடிந்து, தகரத்தில் அப்பிக்கொண்டது.

மருதாசலம் திரும்புவதற்குள் அவன் ஸ்டூலிலிருந்து பாய்ந்திருந்தான். இருவரும் தரையில் விழுந்தார்கள். மார்பில் முழங்காலை ஊன்றி முகத்தில் குத்தினான். பசைக் கை ஒவ்வொரு முறையும் கன்னத்தில் ஒட்டிப் பிய்ந்து வந்தது. மூக்கு எலும்பு கைக்குக் கீழே நகர்ந்தது. நிறுத்தத் தோன்றவில்லை. தலையைப் பிடித்துத் தரையில் இடித்தான். இடிக்க இடிக்க அவனுக்கு மூச்சு சீரானது.

அக்காதான் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"செத்துப் போயிருவாரு."

அவன் எழுந்தான். வாயில் யாருடைய ரத்தமோ உப்புக் கரித்தது.

"கெளம்புக்கா. போலாம்."

அக்கா அவன் சட்டையை விட்டாள்.

மருதாசலம் புரண்டு படுத்தான். இருமினான். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தான். பூபதியைத் திருப்பி அடிக்க வரவில்லை. அக்காவைப் பார்க்கவும் இல்லை.

கூரையைப் பார்த்தான்.

மடிப்புக்குள் நகத்தை விட்டு இழுத்தான். வரவில்லை. இன்னும் இழுத்தான். கறுப்புத் தோல் பிய்ந்து, உள்ளேயிருந்த வெள்ளைத் துணி தெரிந்தது. அப்போதுதான் மருதாசலம் அழுதான். மூக்கிலிருந்து ரத்தம் சொட்ட, தோள் குலுங்க, சின்னப் பிள்ளைபோல அழுதான்.

ஒரு கணம் பூபதிக்குப் பாவமாகக்கூட இருந்தது.

"சாந்தா," என்றான் மருதாசலம், திரும்பாமல். தினமும் காபி கேட்கும் குரல். "பொறவாசல்ல பசை கரைக்கற தின்னர் இருக்குது. எடுத்துட்டு வா. இன்னும் காப்பாத்தீரலாம்."

அக்கா முந்தானையால் வாயைத் துடைத்தாள். ஈரக் கூந்தலை அள்ளி முடிந்தாள். வீட்டுக்குள் போனாள்.

பூபதி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மருதாசலம் ஓரத்தை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தான்.

புறவாசல் கதவு திறக்கவில்லை. உள்ளே துணி பீரோவின் கதவு திறக்கும் ஓசை கேட்டது.

மருதாசலத்தின் கை நின்றது.