ஏழாவது மாடி, மூன்றாவது கண்ணாடி

கண்ணாடி துடைக்கும் மெஷின் மறுபடியும் அதே இடத்தில் நின்றது. ஏழாவது மாடி, மூன்றாவது கண்ணாடி.

தண்ணீர் சொட்டியது. பிரஷ் மட்டும் நிற்காமல் அந்த ஒரே இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தது. உள்ளே டைப் அடித்துக்கொண்டிருந்த புவனா நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

"இதோட ஒன்பது நாளாச்சுங்க சார். ஐயாசாமியண்ணனும் இந்தக் கண்ணாடிகிட்டத்தானுங்க இப்படித் தொடச்சுட்டே நிப்பாரு. எனக்கு அந்தப் பக்கம் திரும்பவே பயமா இருக்குங்க."

"பிரஷ்ஷைப் பார்த்துப் பயப்படற ஆளை இன்னைக்குத்தாம்மா பார்க்கறேன்" என்று சிரித்தான் சுரேந்தர். சிரித்தானே தவிர, அவனும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

சுரேந்தர் அங்கே மெயின்டனன்ஸ் இன்ஜினியர். அவிநாசி ரோட்டில் ஒன்பது மாடிக்கும் கண்ணாடி போட்ட கட்டடம். போன வருஷம் வரைக்கும் கயிற்றில் தொங்கித்தான் துடைத்தார்கள். அந்த மூன்றாவது கண்ணாடிக்கு நேராகத் தொங்கிக்கொண்டிருந்தபோதுதான் ஐயாசாமி கயிற்றோடு விழுந்து செத்துப்போனார்.

'கயிறு நல்ல கயிறு. முடிச்சை அவர்தான் சரியாகப் போடவில்லை' என்று சுரேந்தர் எழுதிக் கொடுத்தான். விஷயம் அத்தோடு முடிந்தது. அவர் மனைவி ராசம்மாளுக்கு அதே கட்டடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை போட்டுக் கொடுத்தார்கள்.

அதற்கப்புறம்தான் முதலாளி நஞ்சுண்டன் ஜப்பானிலிருந்து இந்த மெஷினை வரவழைத்தார். மொட்டை மாடியிலிருந்து தானாக இறங்கும், தானாகத் துடைக்கும், தானாக ஏறும். ஏழாவது மாடி வந்தால் தானாக நிற்கும்.

"வெள்ளிக்கிழமை நானே வந்து பார்ப்பேன் சுரேந்தரு" என்று சொல்லிவிட்டார் முதலாளி. "அன்னைக்கும் நின்னுதுன்னா இதைத் திருப்பி அனுப்பிச்சுப்போட்டு, பழையபடி கயித்துல ஆளை எறக்கிரலாம். நீயும் வேற எடம் பாத்துக்க."

சுரேந்தர் மோட்டாரைப் பிரித்துப் பார்த்தான். ஒயரெல்லாம் மாற்றினான். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் தொங்கி எட்டிப் பார்த்தான். கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒரு தூசு இல்லை. கீழே அந்த பிரஷ் இடமும் வலமுமாக அசைந்துகொண்டிருந்தது, யாரோ கையாட்டிக் கூப்பிடுவது போல. சட்டென்று பின்வாங்கிவிட்டான். அன்றிலிருந்து சுவர் ஓரத்துக்கே போவதில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் ஏழாவது மாடிக்கு வந்துவிட்டான். இன்னும் யாரும் வரவில்லை. ஆனால் மூன்றாவது கண்ணாடியின் திரை லேசாக ஆடியது.

அவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

திரைக்குப் பின்னால் யாரோ முணுமுணுக்கும் சத்தம். ஒரு வெறுங்கால் தெரிந்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்த் திரையை இழுத்தான்.

ராசம்மாள். இடது கையில் மை டப்பா. வலது கைக் கட்டை விரல் கண்ணாடியில் அழுந்தியிருந்தது. விரலை எடுத்ததும் அங்கே காலணா அகலத்துக்கு ஒரு கறுப்புப் பொட்டு.

சுரேந்தருக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. அந்த மெஷினுக்கு முன்பக்கம் ஒரு எலெக்ட்ரிக் கண் உண்டு. கறுப்பாக எதைக் கண்டாலும் தடை என்று நினைத்து அங்கேயே நின்றுவிடும். அவன் வெளியே தேடிக்கொண்டிருந்தான், பொட்டு உள்ளே, திரை மறைவில் இருந்திருக்கிறது.

பயம் போய்க் கோபம் வந்தது.

"ஏம்மா, சோறு போடற கம்பெனிக்கே செய்வினை வெக்கறியா?"

"ஐயோ, செய்வினை இல்லீங்க சார்" என்று பதறினாள் ராசம்மாள். "திருஷ்டிப் பொட்டுங்க. இந்த எடம் ஏற்கெனவே ஒரு உசுரை வாங்குன எடமாச்சுங்களே. மெசின் வந்த மொத நாளே வெச்சுப்போட்டனுங்க. அப்படியும் நிக்குதேன்னு தெனமும் காலையில புதுசா வெக்கறனுங்க."

"உன் பொட்டாலதாம்மா அது நிக்குது."

விவரம் சொன்னதும் அவள் முகம் வெளுத்துப்போனது. முந்தானையால் பரபரவென்று துடைத்தாள். மையின் தடம் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மொட்டை மாடியில் மெஷினை இயக்கும் கதிரேசனுக்கு இன்டர்காமில் சொல்லி மெஷினை இறக்கச் சொன்னான் சுரேந்தர். ஒன்பது. எட்டு. ஏழாவது மாடியின் மூன்றாவது கண்ணாடிக்கு வந்தது. பிரஷ் சுழன்றது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

மெஷின் நிற்காமல் ஆறாவது மாடிக்கு இறங்கிப் போயிற்று.

அப்பாடா என்று இருந்தது சுரேந்தருக்கு. வேலை தப்பியது. பேயும் போயிற்று. அந்தச் சந்தோஷத்தில் கேட்டான்.

"மெஷின் மேல உனக்கென்னம்மா இத்தனை அக்கறை?"

"இது கெட்டுப்போனா மறுக்கா கயித்துல ஆளை எறக்குவாங்களேன்னுதானுங்க."

மை டப்பாவை மூடி இடுப்பில் செருகிக்கொண்டாள். கீழே போகும் மெஷினையே பார்த்தாள். அவள் குரலில் கோபம் துளியும் இல்லை.

"கயிறு நைஞ்சு போச்சு, மாத்திக் குடுங்கன்னு அவராவது உங்ககிட்ட மூணு தடவை வந்து சொன்னாருங்க சார். இதுக்குத்தான் வாயில்லீங்களே."