பெயர் மறைத்த கேஸ்

"எட்டு மாசமா கையில கட்டியை வளர விட்டிருக்காரே, இவரையெல்லாம் என்னன்னு சொல்றது?" என்றார் துணை சர்ஜன், திரையில் தெரிந்த ஸ்கேன் படத்தைப் பார்த்து. "சுளுக்குன்னு நினைச்சுத் தைலம் தேய்ச்சிருப்பாரு. படிக்காத ஆளா இருக்கும்."

மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த டாக்டர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். தலைமை சர்ஜன் சிரிக்கவில்லை. "வேலை மும்முரத்துல விட்டிருக்கலாம்," என்று மட்டும் சொன்னார்.

தலைமை சர்ஜனான அந்த அம்மாளுக்கு ஆஸ்பத்திரி முழுக்கப் பெரியம்மா என்று பெயர். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிடும் தைரியம் மட்டும் யாருக்கும் கிடையாது.

சதையிலும் நரம்பிலும் அபூர்வமாக வரும் புற்றுக்கட்டிகளுக்கு என்ன வைத்தியம் செய்வது என்று எல்லா டாக்டர்களும் கூடி முடிவெடுக்கும் கூட்டம் அது. நோயாளியின் பெயரோ, தொழிலோ அங்கே சொல்லக் கூடாது என்பது பெரியம்மா போட்ட சட்டம். தெரிந்தால் மனசு இளகும், இளகினால் முடிவு தப்பாகும் என்பார்.

துணை சர்ஜன் அதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர். போன வருஷம் தன்னிடம் வந்த ஒரு தையல்காரர்மேல் இரக்கப்பட்டு, கையை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் எடுத்தார். கட்டி திரும்பி வந்து நுரையீரலுக்கும் பரவிவிட்டது. "கையைப் பாத்தீங்க, ஆளைப் பாக்கலையே," என்று பெரியம்மா எல்லோர் முன்னாலும் கேட்ட கேள்வி அவரை இன்னும் தூங்கவிடவில்லை.

இன்றைக்கும் பெரியம்மாவின் கண் அவரை விட்டு அகலவில்லை.

"வெளி ஆஸ்பத்திரியில பாத்த கேஸ் இது. வலது கை, தோளுக்குக் கொஞ்சம் கீழ," என்றார் பெரியம்மா. "ஊசியில எடுத்த சதை நம்ம லேபுக்கு வந்திருக்கு. என்ன சொல்றீங்க?"

லேப் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அங்க சாதாரண நரம்புக் கட்டி, பயமில்லன்னு சொல்லியிருக்காங்க. அது தப்பு மேடம். இது புத்து, சார்கோமா. அதுலயும் பொல்லாத வகை. என் சர்வீஸ்லயே ஒண்ணு ரெண்டுதான் பாத்திருக்கேன்."

"பெரிய ரத்தக்குழாயையும் கைக்குப் போற நரம்பு எல்லாத்தையும் சுத்தி வளைச்சுருச்சு," என்றார் ஸ்கேன் டாக்டர். "நுரையீரல் சுத்தமாத்தான் இருக்கு. இப்போதைக்கு."



"ரேடியேஷன் குடுத்துச் சுருக்கிட்டு, கட்டியை மட்டும் எடுக்க முடியாதா?" பெரியம்மா கேட்டார்.

துணை சர்ஜன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பெரியம்மா வாயிலிருந்து இப்படி ஒரு கேள்வியை அவர் கேட்டதே இல்லை. தன்னை ஆழம் பார்க்கத்தான் கேட்கிறார் என்று முடிவு கட்டிக்கொண்டார்.

"சுருங்கினாலும் நரம்பை விடாது மேடம். நரம்பை வெட்டினா கை சும்மா தொங்கும், அவ்வளவுதான்," என்றார் ரேடியேஷன் டாக்டர்.

"மருந்து?"

"இந்த வகை மருந்துக்கெல்லாம் மசியாது."

பெரியம்மா துணை சர்ஜன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க."

இந்த முறை அவர் மாட்டிக்கொள்வதாக இல்லை. "கையைத் தோளோட எடுத்துடணும் மேடம். தள்ளிப்போட்டா ஆளே மிஞ்சமாட்டாரு."

"வலது கை. அதை வெச்சுத்தான் பொழைப்பே நடக்குதுன்னா?"

"பொழைப்பு வேற தேடிக்கலாம், உயிரைத் தேட முடியுமா? நீங்க சொல்லிக் குடுத்ததுதானே மேடம்?"

பெரியம்மா மற்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒவ்வொருவராகத் தலையை ஆட்டினார்கள். திரையில் இருந்த படத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "சரியான முடிவு," என்றார்.

பெரியம்மா வாயால் பாராட்டு வாங்குவது லேசுப்பட்ட காரியமா? துணை சர்ஜனுக்கு உச்சி குளிர்ந்தது. ஆனாலும் முகம் தெரியாத அந்த ஆளை நினைத்ததும் நெஞ்சு கனத்தது.

முடிவு சொன்னவரே நோயாளியிடமும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும், நர்ஸ் தலையில் கட்டக் கூடாது. அதுவும் பெரியம்மா சட்டம்தான். துணை சர்ஜன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"நோயாளி எந்த வார்டுல இருக்காரு மேடம்? இப்பவே போய்ச் சொல்லிடறேன்."

"போக வேண்டாம், உக்காருங்க," என்றார் பெரியம்மா. "அது என் கைதான்."