வராத சேலைக்கு வட்டி

மதுரையிலிருந்து வந்த வசூல்காரன் சேதுபதி, உள்ளே வந்து உட்காரச் சொன்னதற்கு மறுத்துவிட்டான். வாசலில் நின்று தெருவுக்குக் கேட்கிற மாதிரிப் பேசினால்தான் பணம் சீக்கிரம் வெளியே வரும் என்பது அவன் அனுபவம்.

மில்லில் டைம்கீப்பராக இருக்கும் தவசிமுத்து பேங்க் கிரெடிட் கார்டில் வாங்கிய அசல் இவ்வளவு, ஏறிய வட்டி இவ்வளவு, அபராதம் தனி என்று பாதி ராஜபாளையத்துக்கும் ஒப்பித்தான் சேதுபதி.

தவசிமுத்து கதவோரம் நின்று தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளே அரிசி டிரம்மில் பணம் இருப்பது அவனுக்குத் தெரியும். மனைவி செல்லக்கனி சிறுகச் சிறுகச் சேர்த்தது. பஜாரில் காலியான கடைக்கு இன்று சாயங்காலத்துக்குள் அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். தவறினால் கடையைப் பாத்திரக்கடை சுயம்புலிங்கம் கொத்திக்கொண்டு போய்விடுவார்.

கார்டுக்கு அசலை மட்டும் கட்டினால் அட்வான்ஸுக்கு மிஞ்சும். வட்டியும் சேர்ந்தால் கடை போச்சு.

புருஷன் பட்ட கடனுக்குப் பெண்டாட்டிதானே பொறுப்பு என்றான் சேதுபதி.

உளுந்து புடைத்துக்கொண்டிருந்த செல்லக்கனி, கையெழுத்துப் போட்டது யார் என்று மட்டும் கேட்டாள். அவர்தான் என்றான்.

“அப்ப அவியளையே கூட்டிட்டுப் போங்க தம்பி. மத்தியானச் சோத்த பேங்குல போட்டுருங்க. ரசம் இல்லாம எறங்காது, பாத்துக்கிடுங்க.”

தெரு சிரித்தது.

சேதுபதிக்குச் சுருக்கென்றது. அவசரத்துக்கென்று மடியில் வைத்திருந்த ஆயுதத்தை எடுத்துவிட்டான்.

“சிரிங்கக்கா, நல்லா சிரிங்க. கார்டுல என்ன வாங்கிருக்காருன்னு தெரியுமா? பூராம் பட்டுச்சேலை. மாசாமாசம் மதுரையில எடுத்திருக்காரு. அதுல ஒண்ணாவது நீங்க கட்டிருக்கீங்களா?”

எதிர்வீட்டு அய்யம்மாள் பிழிந்த துணியைக் கொடியில் போடாமல் அப்படியே நின்றுவிட்டாள்.

செல்லக்கனி முறத்தைக் கீழே வைத்தாள். புருஷனைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஒரு சேலகூட இந்த நிலைப்படியத் தாண்டி வரல தம்பி. சத்தியமா வரல. நான் உடுத்தாத சேலைக்கு நானா வட்டி கட்டணும்?”

அதற்கப்புறம் அழுதாள். சத்தமில்லாத அழுகை. அதுதான் தெருவைக் கரைத்தது.

அய்யம்மாள் ஈரத்துணியோடு ஓடிவந்து அவளை அணைத்துக்கொண்டாள். தவசிமுத்துவை ஒரு பார்வை பார்த்தாள். காறித் துப்பாத குறைதான். பிறகு சேதுபதியிடம் திரும்பி, குடும்பத்தைப் பிரித்து வைக்கத்தான் உனக்குச் சம்பளம் கொடுக்கிறார்களா என்று கேட்டாள்.

மானத்துக்குப் பயந்து பணத்தை நீட்டுகிற பெண்களைத்தான் சேதுபதி பார்த்திருக்கிறான். மானமே போன பிறகு எதைக் காட்டி மிரட்டுவது?

தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் ஆபீசுக்குப் பேசிவிட்டு வந்தான். அபராதத்தைத் தள்ளிவிடலாம், வட்டியில் பாதி கட்டினால் போதும் என்றான்.

செல்லக்கனி பொறந்த வீட்டுக்குப் போக டிரங்குப் பெட்டியை இழுத்து வைத்துச் சேலைகளை அடுக்கத் தொடங்கினாள். அத்தனையும் நூல் சேலை.

இவள் போய்விட்டால் அசலும் சேர்ந்து போய்விடும். சேதுபதி மறுபடியும் பூத்துக்கு ஓடினான்.

இந்தமுறை வட்டியே இல்லை. அசல் போதும், இன்றைக்கே வேண்டும்.

கணக்கு முடிந்தது என்று சீல் வைத்து எழுதி வாங்கிய பிறகே அரிசி டிரம்முக்குள் கையை விட்டாள். பணத்தை வாங்கிக்கொண்ட சேதுபதி, தங்கமான பொம்பளையை இப்படி அழவிட்டிருக்கிறீரே என்று தவசிமுத்துவிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறப் போனான். அய்யம்மாளும் மூக்கைச் சிந்திக்கொண்டு போனாள்.

கதவைச் சாத்திவிட்டுச் செல்லக்கனி முகம் கழுவினாள்.

அவள் செய்த சத்தியத்தில் துளியும் பொய் கிடையாது. மதுரையில் ஒவ்வொரு சேலையையும் பார்டர் பிரித்துப் பார்த்து, விலை அடித்துப் பேசி எடுத்தது அவள்தான். கையெழுத்துப் போட மட்டும் தவசிமுத்துவைக் கூட்டிப்போவாள். திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இறங்கி, கோர்ட்டிலும் தாலுகா ஆபீசிலும் வேலை பார்க்கிற அம்மாக்களுக்குத் தவணைக்கு விற்றுவிடுவாள். ராஜபாளையத்துக்கு வெறும் பைதான் வரும்.

அந்த அம்மாக்கள் தவணையை இழுத்தடித்ததில்தான் கார்டுக்கு வட்டி ஏறிவிட்டது.

இனிமேல் இந்தத் தெருவில் எப்படி நடப்பேன் என்றான் தவசிமுத்து.

செல்லக்கனி அட்வான்ஸ் பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டு செருப்பை மாட்டினாள்.

“நம்ம சேலைக்கடை தொறக்கிற அன்னைக்கி ஒங்க மூஞ்சியப் பாக்கவே ஊர்ப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் வருவாக. வந்தவுக வெறுங்கையோடயா போவாக?”