தமிழில் மூன்று சீசன்தான்

இருபத்து மூன்றாம் டோக்கனைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, ரத்தப் பரிசோதனை நிலையத்தின் நட்டநடுவில் எழுந்து நின்றான் லிஃப்ட் மெக்கானிக்.

அவனுக்குச் சோதனை எதுவும் கிடையாது. ரத்தம் எடுக்கும் மேஜையில் வேலையாக இருந்தவள் அவன் மனைவி. மூன்று வாரமாக அக்கா வீட்டில் இருக்கிறாள். போனை எடுப்பதில்லை. இன்றைக்கு அவளைக் கையோடு வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவது என்று முடிவுகட்டி வந்திருந்தான்.

எப்படி என்பதில் அவனுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. அந்த வெளிநாட்டு நகைச்சுவைத் தொடர் தமிழ் பேச ஆரம்பித்த நாளிலிருந்தே அவனுக்கு வாழ்க்கையில் சந்தேகங்கள் குறைந்துவிட்டன.

அந்தத் தொடரில் பக்கத்து வீட்டுக்காரன் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து ஃபிரிட்ஜைத் திறப்பான். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இவனும் ஒருமுறை மாடி வீட்டில் அப்படிச் செய்து பார்த்தான். அவர்கள் மறுநாளே பூட்டை மாற்றினார்கள்.

அதில் சாப்பாட்டு மேஜையின் மூன்று பக்கம்தான் ஆள் உட்காருவார்கள். நான்காவது பக்கம் கேமராவுக்கு. இவன் வீட்டு மேஜையிலும் கல்யாணமான நாள் முதல் ஒரு பக்கம் நாற்காலி கிடையாது. இருப்பதே இரண்டு பேர் என்பது வேறு விஷயம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் வரும் எந்தக் கஷ்டத்துக்கும் ஒரு வரி போதும். யாராவது சட்டென்று ஒன்றைச் சொல்வார்கள், முகம் தெரியாத நூறு பேர் சிரிப்பார்கள், கஷ்டம் பாதியாகிவிடும். அவனும் அப்படி ஒரு வரியைச் சொல்லித்தான் வகையாக மாட்டிக்கொண்டான்.

அதற்கும் தொடரிலேயே மருந்து இருந்தது. மூன்றாம் சீசன், கடைசி எபிசோடு. நாயகன், தன் காதலி வேலை பார்க்கும் தபால் ஆபீசுக்குள் புகுந்து, அத்தனை பேர் முன்னாலும் மன்னிப்புக் கேட்பான். வரிசையில் நிற்பவர்கள் கைதட்டுவார்கள். அவள் கவுண்டரைத் தாண்டிக் குதித்து ஓடிவருவாள். அதோடு சுபம்.

அந்த வசனத்தை ஒரு வாரமாக லிஃப்ட் குழிக்குள் நின்று மனப்பாடம் செய்திருந்தான். குழிக்குள் அது கம்பீரமாகத்தான் கேட்டது.

இப்போது ஒரு எழுத்து மாறாமல், டப்பிங் குரலின் ஏற்ற இறக்கத்தோடு முழங்கினான்.

“உன் கோபத்துக்கு நான் தகுதியானவன்! ஆனால் உன் சிரிப்புக்காக ஒரே ஒரு வாய்ப்பு, ஒரே ஒரு வாய்ப்பு மட்டும் கொடு!”

முடித்துவிட்டுக் கைகளை விரித்தபடி நின்றான்.

யாரும் தட்டவில்லை. பாதிப்பேர் சர்க்கரைச் சோதனைக்காகக் காலையிலிருந்து ஒரு வாய் டீகூடக் குடிக்காதவர்கள். வெறும் வயிற்றில் முறைத்தார்கள். மீதிப்பேர் ரத்தம் கொடுத்து முடித்து, பஞ்சை அழுத்தி முழங்கையை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் ஆசைப்பட்டாலும் கைதட்ட வழியில்லை.

அவள் நிமிரவே இல்லை. எதிரில் இருந்த பெரியவரின் கையிலிருந்து ஊசியை எடுத்தாள். பஞ்சை வைத்தாள். குழாயில் பெயர்ச்சீட்டை ஒட்டினாள். பெரியவர் எழுந்து நகர்ந்த பிறகுதான் இவனைப் பார்த்தாள்.

“மூணாவது சீசன். தபால் ஆபீஸ்.”

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் அந்தத் தொடர் ஓடும்போதெல்லாம் அவள் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருப்பாள். ஒரு எபிசோடுகூட உட்கார்ந்து பார்த்ததில்லை.

“அக்கா வீட்ல உக்காந்து ஒண்ணு விடாம பாத்தேன்” என்றாள். “நீங்க ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு அதுல எங்கயாவது இருக்கான்னு தேடினேன். தமிழ்ல மூணு சீசன்தான். அதுக்கப்புறம் அவங்க பாஷையிலதான் இருக்கு, கீழ எழுத்து ஓடும். நாலாவதுல முதல் எபிசோடுலயே அவ பெட்டியத் தூக்கிட்டுக் கிளம்பிடறா.”

“ஏன்?”

“அவ்ளோ நேரம் மன்னிப்புக் கேட்டான். என்ன செஞ்சான்னு ஒரு வார்த்தை சொல்லலியே.”

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். பெரியவரின் சூடு இன்னும் அதில் இருந்தது. இதற்கு மேல் சொல்ல அவனிடம் வசனம் எதுவும் இல்லை.

“டாக்டர் சொன்னதும் பயந்துட்டேன்” என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை. “ரொம்பப் பயந்துட்டேன். அதான் அந்த ரூமைப் பத்தி அப்படிப் பேசிட்டேன்.”

வரப்போகும் குழந்தைக்கென்று அந்தச் சின்ன அறைக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தவனே அவன்தான். மூன்று வாரத்துக்கு முன்பு, இனிக் குழந்தைக்கு வாய்ப்பில்லை என்று டாக்டர் இருவரிடமும் சொல்லி முடித்தபோது, முதலில் வாயைத் திறந்தவனும் அவன்தான். அப்போ அந்த ரூமை வாடகைக்கு விட்டுடலாம் டாக்டர் என்றான். சொல்லிவிட்டு, யாராவது சிரிப்பார்கள் என்று இரண்டு நொடி காத்திருந்தான்.

“அந்த ரெண்டு செகண்ட்ல என் கையப் பிடிச்சிருக்கலாம்ல?” என்றாள் அவள்.

அவன் இப்போது பிடித்தான், கையுறையோடு சேர்த்து. ரொம்பத் தாமதம்தான். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் கையை எடுத்துக்கொள்ளவில்லை.